சின்வத் பாலத்தில் எதிரே வரும் பெண்: பாரசீக மறைஞானம் பிற சமயங்களுக்குள் எவ்வளவு தூரம் சென்றது?

#1 கடற்கரைத்தெரு

நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சிறு வயதில் எங்கள் ஊர் மதரஸாவில் கேட்ட ஒரு செய்தி இன்றுவரை என் மனத்தை விட்டு அகலவில்லை. நல்லடியார் ஒருவர் இறந்து, கப்ரில் (கல்லறையில்) வைக்கப்பட்டு, வானவர்களின் கேள்விகளுக்கு விடை சொல்லி முடித்த பிறகு, அழகிய முகமும் நல்ல ஆடையும் நறுமணமும் உடைய ஒருவர் அவரிடம் வருவார். "நீர் யார்? நன்மையைக் கொண்டுவரும் முகமாக இருக்கிறதே உமது முகம்" என்று இறந்தவர் கேட்பார். "நான்தான் உம்முடைய நற்செயல்" என்று வந்தவர் சொல்வார். தீயவரிடமோ அருவருப்பான முகமும் துர்நாற்றமும் உடைய ஒருவர் வந்து, "நான்தான் உம்முடைய தீச்செயல்" என்பார். பராஉ இப்னு ஆஸிப் அறிவிக்கும் நீண்ட நபிமொழியில் இது வருகிறது. எங்கள் உஸ்தாத் இந்த இடத்துக்கு வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொள்வார். நாங்கள் மூச்சை அடக்கிக் கேட்டுக்கொண்டிருப்போம்.

சென்ற மாதம் பழைய பாரசீகச் சமய நூல்களின் மொழிபெயர்ப்பைப் படித்துக்கொண்டிருந்தபோது, அவெஸ்தா தொகுப்பைச் சேர்ந்த ஹாதோக்த் நஸ்க் என்னும் பகுதி கண்ணில் பட்டது. இறந்தவரின் ஆன்மா முதல் மூன்று இரவுகளும் உடலின் தலைமாட்டில் அமர்ந்து பாசுரம் ஓதிக்கொண்டிருக்கிறது. மூன்றாம் இரவு கழிந்து விடியும் வேளையில் தெற்கிலிருந்து மணம் கமழும் காற்று வீசுகிறது. இவ்வளவு இனிய காற்றை இதுவரை முகர்ந்ததில்லையே என்று ஆன்மா வியந்து நிற்கையில், அந்தக் காற்றினூடே பதினைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண் ஒளி பொருந்திய தோற்றத்துடன் எதிரே வருகிறாள். "பெண்ணே, நீ யார்? உன்னைப் போல் அழகுடைய ஒருத்தியை நான் கண்டதே இல்லை" என்று ஆன்மா கேட்கிறது. "நல்லெண்ணமும் நற்சொல்லும் நற்செயலும் உடையவனே, நான் உன்னுடைய சொந்த தயேனா. அன்புக்குரியவளாக இருந்த என்னை நீ மேலும் அன்புக்குரியவளாக ஆக்கினாய், அழகியவளாக இருந்த என்னை மேலும் அழகியவளாக ஆக்கினாய்" என்று அவள் விடை சொல்கிறாள்.

படித்து முடித்தபோது உஸ்தாதின் குரல் காதில் கேட்டது. அதே மணம், அதே கேள்வி, அதே விடை. யார் யாரிடமிருந்து எடுத்தார்கள் என்று குற்றம் சாட்டுவதற்காக இந்த இழையைத் தொடங்கவில்லை. அந்தப் பழைய பாரசீக நெறியை அருளிய ஜரதுஷ்டிரரின் சமயத்திலிருந்து யூதம், கிறித்தவம், இஸ்லாம் ஆகியவற்றுக்குள் உண்மையில் எவையெவை சென்றன, அவை சென்ற வழியை இன்று எந்த அளவுக்குக் காட்ட முடியும் என்பதை அறிந்தவர்கள் எழுத வேண்டுகிறேன்.

#2 சொல்வேர்

மிக நல்ல இடத்திலிருந்து தொடங்கியிருக்கிறீர்கள். இந்த விவாதம் பெரும்பாலும் சொர்க்கம், நரகம், சாத்தான் என்ற பெரிய பெயர்களிலேயே தொடங்கி அங்கேயே நின்றுவிடுகிறது. தயேனாவிலிருந்து தொடங்கினால் பாரசீக மறைஞானத்தின் கருவையே தொட்டுவிடலாம்.

தயேனா என்ற சொல்லின் வேர் 'பார்த்தல்' என்னும் பொருளுடையது. வடமொழியின் 'தீ' என்னும் வேரும் (தியானம் என்ற சொல் பிறந்த வேர்) இதற்கு உறவு. ஒருவனுடைய அகப்பார்வை, அதன் வழியே அவன் தேர்ந்துகொள்ளும் நெறி, அந்த நெறியில் அவன் செய்தவற்றால் திரண்டு நிற்கும் வடிவம் ஆகிய மூன்றையும் இந்த ஒரே சொல் குறிக்கிறது. தரிசனம் என்ற சொல் நமக்குக் காண்பதையும் குறிக்கிறது, தத்துவ நெறியையும் குறிக்கிறது அல்லவா, அதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். பிற்காலப் பாரசீகத்தில் இது 'தேன்' என்று சுருங்கிச் சமயத்தைக் குறிக்கும் பொதுச்சொல் ஆனது. அரபியில் மார்க்கம் என்ற பொருளில் வழங்கும் 'தீன்' என்ற சொல்லில் செமித்திய மொழிகளுக்கே உரிய 'தீர்ப்பு' என்னும் வேரோடு இந்தப் பாரசீகச் சொல்லின் பொருளும் கலந்திருக்கிறது என்று மொழியறிஞர் பலர் கருதுகின்றனர்.

இந்தக் கருத்து பிற்காலத்தில் சேர்க்கப்பட்டதும் அன்று. ஜரதுஷ்டிரருடைய சொந்தப் பாடல்கள் என்று ஏற்கப்படும் காதாக்கள் மொத்தம் 17. (நம் காப்பியங்களின் 'காதை' என்ற சொல்லுக்கும் வடமொழி வழியே இதே மூலம்தான்.) அவற்றில் ஒன்றான யஸ்னா என்னும் வழிபாட்டுத் தொகுப்பின் 46-ஆம் அதிகாரத்தில் அவர் இரண்டு செய்திகளைச் சொல்கிறார். ஆணாயினும் பெண்ணாயினும் நன்மையைச் செய்வோர் அனைவருடனும் இறந்தோர் கடக்க வேண்டிய சின்வத் என்னும் தீர்ப்புப் பாலத்தைத் தாம் கடப்பதாக முதலில் சொல்கிறார். தீயோர் அந்தப் பாலத்துக்கு வரும்போது அவர்களுடைய சொந்த ஆன்மாவும் சொந்த தயேனாவுமே அவர்களை வருத்தும் என்று அடுத்த பாடலில் சொல்கிறார். தண்டிப்பதற்கு வெளியிலிருந்து எவரும் வருவதில்லை. மனிதன் பாலத்தில் சந்திப்பது தன்னையேதான். எனக்குத் தெரிந்தவரை, தீர்ப்பு என்பதை இவ்வளவு அகவயமாகச் சொன்ன பாடல்கள் அந்தப் பழங்காலத்தில் மிக அரிது.

இனிச் சொற்கள் சென்ற வழி. 'பைரிதயேஸா' என்றால் அவெஸ்தாவில் சுற்றுமதில் உடைய இடம். அது எபிரேயத்தில் 'பர்தேஸ்' ஆனது, கிரேக்கத்தில் 'பரதெய்சோஸ்' ஆனது. தமிழ் விவிலியத்தில் சிலுவையில் தொங்கிய கள்ளனுக்கு இயேசு வாக்களிக்கும் 'பரதீசு' அதே சொல். அரபியில் 'பிர்தவ்ஸ்'. தானியேல் நூலில் அரசனின் கனவைப் பற்றிப் பேசும்போது தமிழில் மறைபொருள் என்று மொழிபெயர்க்கப்படும் 'ராஸ்' பாரசீகச் சொல்லே. அதே சொல், குகைகளில் கிடைத்த பண்டை யூத ஏடுகளான சாக்கடல் சுருள்களிலும் இறைவனின் இரகசியத் திட்டத்தைக் குறிக்கும் தலையாய சொல்லாக வருகிறது. குர்ஆனின் 2:102-இல் பாபிலோனில் இருந்ததாகச் சொல்லப்படும் ஹாரூத், மாரூத் என்ற பெயர்களை, நிறைவையும் இறவாமையையும் குறிக்கும் ஹௌர்வதாத், அமெரெதாத் என்ற பாரசீக வானவர்களின் பெயர்களோடு ஆய்வாளர் பெரும்பாலோர் இணைக்கின்றனர்.

#3 பரங்கிமலையான்

சொல்வேர் அவர்களின் பதிவு மிகவும் பயனுள்ளது. ஆயினும் சொல் பயணம் செய்தால் கருத்தும் கூடவே பயணம் செய்தது என்று கொள்வதில் ஒரு தடை இருக்கிறது.

எங்கள் பரங்கிமலைக் கோயிலில் ஒரு கற்சிலுவை உள்ளது. 1547-இல் போர்த்துகீசியர் கண்டெடுத்தது. அதைச் சுற்றிச் செதுக்கப்பட்டிருப்பது பஹ்லவி எழுத்து. ஜரதுஷ்டிர நெறியினரின் பிற்காலச் சமயநூல்கள் எழுதப்பட்ட அதே இடைக்காலப் பாரசீக எழுத்து. ஆனால் அதைச் செதுக்கியவர்கள் கிறித்தவர்கள், அந்த வாசகம் கிறித்தவ வேண்டுதல். மொழியும் சமயமும் எப்போதும் ஒரே கப்பலில் வருவதில்லை என்பதை அந்தக் கல்லின் முன் நிற்கும் ஒவ்வொரு முறையும் எண்ணிக்கொள்வேன். கடற்கரைத்தெரு அவர்களுக்கு நன்கு தெரிந்த, மறுமையில் கடக்க வேண்டியதாக இஸ்லாத்தில் சொல்லப்படும் சிராத் பாலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். முடியினும் மெல்லியது, வாளினும் கூரியது என்று அது வருணிக்கப்படுகிறது. சின்வத் பாலமும் நல்லோருக்கு அகன்று, தீயோருக்குச் சவரக்கத்தியின் விளிம்பாகச் சுருங்குகிறது. காட்சி அப்படியே பொருந்துகிறது. ஆனால் சிராத் என்ற சொல்லோ சாலையைக் குறிக்கும் 'ஸ்த்ராதா' என்ற இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது! சொல் மேற்கிலிருந்தும் காட்சி கிழக்கிலிருந்தும் வந்து ஓரிடத்தில் சேர்ந்திருக்கலாம்.

கிறித்தவம் பிறப்பதற்கு முன்பே யூதத்துக்குள் நடந்தவற்றைப் பார்க்க வேண்டும். தமிழ் விவிலியத்தில் கோரேசு என்று வரும் பாரசீகப் பேரரசர் கி.மு. 539-இல் பாபிலோனைக் கைப்பற்றி, அங்கே சிறைப்பட்டிருந்த யூதர்கள் நாடு திரும்ப இடமளித்தார். ஏசாயா 45-ஆம் அதிகாரம் அவரைக் கர்த்தர் அபிஷேகம் செய்தவர் என்றே அழைக்கிறது. இஸ்ரவேலர் அல்லாத ஓர் அரசருக்கு அந்தப் பட்டம் வேறு எங்கும் கொடுக்கப்படவில்லை. அதன் பிறகு இருநூறு ஆண்டுகள் யூதேயா பாரசீக ஆட்சியில் இருந்தது. இந்தக் காலத்துக்கு முந்திய எபிரேய நூல்களில் இறந்தோர் அனைவரும், நல்லோரும் தீயோரும், பாதாளம் என்னும் ஒரே நிழலுலகுக்குச் செல்கின்றனர். இறந்தோர் பலர் விழித்தெழுவர், சிலர் நித்திய வாழ்வுக்கும் சிலர் நித்திய இகழ்ச்சிக்கும் என்று வெளிப்படையாகப் பேசுவது கி.மு. இரண்டாம் நூற்றாண்டின் தானியேல் நூல்தான். மேதிய நாட்டையும் களமாகக் கொண்ட தோபித்து நூலில் மணமகன்களைக் கொல்லும் அஸ்மதேயு என்ற பேயின் பெயர், சினத்தின் பேயான 'அயேஷ்ம தயேவ' என்ற பாரசீகப் பெயரே என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து.

இவை எல்லாவற்றையும்விட என்னை வியக்க வைத்தது சாக்கடல் சுருள்களில் உள்ள சமூக ஒழுங்கு நூல். 1947-இல் குகையிலிருந்து கிடைத்த முதல் சுருள்களில் அதுவும் ஒன்று. கடவுள் மனிதனுக்கு உண்மையின் ஆவி, பொய்யின் ஆவி என இரண்டை வைத்தார் என்றும், ஒளியின் மக்கள் ஒன்றின் வழியிலும் இருளின் மக்கள் மற்றொன்றின் வழியிலும் நடக்கின்றனர் என்றும் அது விரித்துரைக்கிறது. யஸ்னா 30-இல் ஜரதுஷ்டிரர் பாடும் இரட்டை ஆவிகளை அறிந்தவர் எவரும் இதைப் படித்துவிட்டுச் சும்மா கடந்து போக முடியாது. ஒரு வேறுபாட்டையும் சொல்லிவிட வேண்டும். சுருளில் இரண்டு ஆவிகளையும் படைத்தவர் கடவுளே; காதாவில் அந்த இரண்டும் தாமே தேர்ந்துகொள்கின்றன. கடன் வாங்கியிருந்தாலும் தம் ஏகத்துவ நம்பிக்கைக்கு ஏற்ப மாற்றியே வாங்கியிருக்கின்றனர்.

#4 ஐயவினா

மூன்று பதிவுகளையும் ஆவலுடன் படித்தேன். மறுப்புக் குரல் ஒன்றும் இந்த இழைக்குத் தேவை என்று கருதி எழுதுகிறேன்.

முதலாவது, காலம். பாரசீகரின் படைப்புக் கதை, உலக முடிவு, உருகிய உலோக ஆறு, பாலத்தின் விரிவான வருணனை ஆகியவை புந்தஹிஷ்ன், தேன்கர்த் போன்ற பஹ்லவி நூல்களிலிருந்தே நமக்குக் கிடைக்கின்றன. அவை இன்றைய வடிவில் தொகுக்கப்பட்டது கி.பி. 9-ஆம் நூற்றாண்டை ஒட்டி, இஸ்லாமிய ஆட்சியின் கீழ். அவற்றில் உள்ள ஒரு காட்சி இஸ்லாத்திலும் இருக்கிறது என்றால், எது எதற்கு முந்தியது என்பதை ஏட்டின் காலத்தை வைத்துச் சொல்ல முடியாது. செல்வாக்கு மறுதிசையிலும் ஓடியிருக்கலாம்.

இரண்டாவது, ஒப்புமை என்பது உறவுக்குச் சான்று ஆகாது. இறந்தவனின் இதயத்தைத் தராசில் நிறுக்கும் காட்சியை எகிப்தியர்கள் ஜரதுஷ்டிரரின் நெறி மேற்கே பரவுவதற்கு மிக முன்பே வரைந்துவிட்டனர். நெடுந்தொலைவு சென்று நலமாகத் திரும்பியவனை உற்றாரும் நண்பரும் எதிர்கொண்டு வரவேற்பது போல, இவ்வுலகிலிருந்து மறுமைக்குச் செல்பவனை அவன் செய்த நல்வினைகள் வரவேற்கின்றன என்று தம்மபதம் சொல்கிறது. கடற்கரைத்தெரு அவர்களின் காட்சிக்கு இதைவிட நெருங்கிய உவமை வேண்டுமா? ஊழ்வினை உருத்து வந்து ஊட்டும் என்று இளங்கோவடிகள் பாடினார். அதை அவர் பாரசீகத்திலிருந்து பெற்றார் என்று எவரும் சொல்வதில்லை. வினை திரும்பி வந்து முகத்தைக் காட்டும் என்ற எண்ணம் மனிதர்களுக்குப் பல இடங்களிலும் தானாகவே தோன்றியிருக்கலாம்.

மூன்றாவது, இந்தத் துறையில் முன்பு நடந்த ஒரு பெரும் பிழை. உரோமப் பேரரசின் மித்ராஸ் வழிபாடு பாரசீகத் தெய்வமான மித்ராவின் வழிபாடே என்று பெல்ஜிய அறிஞர் குமோன் நிறுவியதை உலகமே பல்லாண்டு நம்பியது. ஆனால் உரோமக் குகைக் கோயில்கள் அனைத்திலும் நடுநாயகமாக உள்ள, மித்ராஸ் காளையைக் கொல்லும் காட்சி, ஈரானில் ஓரிடத்திலும் கிடைக்கவில்லை. 1971-க்குப் பிறகு ஆய்வாளர்கள் அந்தக் கோட்பாட்டைப் பெரிதும் கைவிட்டனர். பெயர் பாரசீகமாக இருந்தும் உள்ளடக்கம் வேறாக இருந்தது. அந்தப் பாடத்தை மறந்துவிடக் கூடாது.

#5 சொல்வேர்

ஐயவினா அவர்களின் மூன்று கருத்துகளும் மதிக்கத்தக்கவை. மித்ராஸ் குறித்து அவர் எழுதியதில் எனக்கு வேறுபாடு இல்லை. ஆனால் காலத்தைப் பற்றிய வாதத்துக்கு இரண்டு விடைகள் உண்டு.

ஒன்று கிரேக்கர்களின் சான்று. கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தெயோபொம்போஸ் என்ற வரலாற்றாசிரியர் பாரசீகப் பூசகர்களான மகர்களின் கொள்கையைப் பற்றி எழுதியவை புளூடார்க் முதலானோரின் நூல்களில் எடுத்தாளப்பட்டுள்ளன. மூவாயிரம் மூவாயிரம் ஆண்டுகளாக இரு தெய்வங்களும் மாறி மாறி ஆள்வதும் போரிடுவதும் நிகழும் என்றும், முடிவில் மனிதர் உணவு வேண்டாதவராய், நிழல் விழாதவராய் இன்புற்று வாழ்வர் என்றும், இறந்தோர் மீண்டும் உயிர்பெற்று இறவாதவர் ஆவர் என்றும் அவர் குறித்திருக்கிறார். இது தானியேல் நூலுக்கு இருநூறு ஆண்டுகள் முந்தியது. எனவே ஏடு பிற்காலத்தது என்பதால் கருத்தும் பிற்காலத்தது ஆகிவிடாது.

இரண்டாவது, காதாக்களின் மொழி. ரிக் வேத மொழிக்கு மிக நெருங்கிய, பழமை மாறாத மொழி அது. உருகிய உலோகத்தால் சோதிக்கப்படுவதும் பாலமும் தயேனாவும் அந்தப் பாடல்களிலேயே இருக்கின்றன. பஹ்லவி நூல்கள் விரித்துச் சொல்கின்றன, அவ்வளவே. அவெஸ்தா, இஸ்லாத்துக்கு முன் பாரசீகத்தை ஆண்ட சாசானியர் காலத்தில்தான் அதற்கென்றே உருவாக்கிய எழுத்தில் எழுதப்பட்டது. அதுவரை பூசகர்களின் நாவிலேயே இருந்தது. வேதத்தையும் திருமுறைப் பண்களையும் வாய்மொழியாகக் காத்த மரபில் வந்த நமக்கு இதை நம்புவதில் தடை இருக்கக் கூடாது.

எகிப்து, தம்மபதம் பற்றிய கருத்தை நான் மறுக்கவில்லை. தனியே தோன்றும் எண்ணங்கள் உண்டு. ஆனால் நறுமணம், அடையாளம் தெரியாமல் கேட்கும் கேள்வி, "நான் உன்னுடையதே" என்ற விடை ஆகிய மூன்றும் அதே வரிசையில் ஓரிடத்தில் கூடும்போது, தற்செயல் என்ற விளக்கத்தின் மீது அதிகச் சுமை ஏறுகிறது.

#6 அரபிக்கடலோரம்

நான் ஆய்வாளன் அல்லன். மும்பையில் முப்பது ஆண்டுகளாக வாழ்கிறேன். இந்த இழையில் பேசப்படுவது இன்றும் உயிருடன் இருக்கும் ஒரு மக்களின் நம்பிக்கை என்பதை நினைவூட்டவே எழுதுகிறேன்.

எங்கள் குடியிருப்பின் மேல்தளத்தில் வாழ்ந்த, ஜரதுஷ்டிர நெறியினரான பார்சி முதியவர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் காலமானார். பார்சியல்லாதோர் உடலைப் பார்க்கும் வாய்ப்பு குறைவு. ஆனால் மூன்றாம் நாள் பிற்பகலில் நடக்கும் உத்தம்னா என்னும் சடங்குக்குச் செல்லலாம். வெள்ளை உடையும் வெள்ளைத் தொப்பியும் அணிந்த பூசகர்கள் நெருப்புக் கலசத்தின் முன் அமர்ந்து அவெஸ்தா மொழியில் ஓதினார்கள். சந்தனக் கட்டை எரியும் மணம் மண்டபமெங்கும் நிறைந்திருந்தது. ஓதி முடித்ததும் இறந்தவரின் பெயரால் குடும்பத்தார் செய்யும் அறக்கொடை அறிவிக்கப்பட்டது. வெளியே வந்தபோது அவருடைய மகன் என்னிடம், "நாளை விடியலில் அப்பா பாலத்துக்குப் போகிறார். இரவு முழுவதும் நாங்கள் தூங்க மாட்டோம்" என்று சொன்னார். பாலத்தின் முகப்பில் மெஹர், சரோஷ், ரஷ்ன் ஆகிய மூவர் தராசுடன் நிற்பார்கள் என்றும் சொன்னார். அவர் இதை ஒரு கதையைச் சொல்வது போலச் சொல்லவில்லை. தந்தையை இரயில் நிலையத்துக்கு அழைத்துச் செல்லும் மகனுடைய கவலை அந்த முகத்தில் இருந்தது.

அவர்கள் இடுப்பில் கட்டும் குஸ்தி என்னும் கயிற்றில் 72 இழைகள் உண்டு. யஸ்னாவின் 72 அதிகாரங்களுக்கு ஒன்றாக. நாள்தோறும் அதை அவிழ்த்து மீண்டும் கட்டும்போது பிரார்த்தனை சொல்கிறார்கள். அவெஸ்தாவின் மிகப் பழைய ஏடுகள் பலவும் இந்த மக்களால்தான் காக்கப்பட்டன. யஸ்னாவின் புகழ்பெற்ற இரண்டு பிரதிகளை 1323-இல் குஜராத்தின் கம்பாயத்தில் அமர்ந்து படியெடுத்தவர் மிஹ்ரபான் கைகுஸ்ரோ என்ற பூசகர். பிரெஞ்சு அறிஞர் ஆங்கெத்தில் துபெரோன் 1758-இல் சூரத்துக்கு வந்து பார்சிப் பூசகர்களிடம் பயின்று, 1771-இல் தம் மொழிபெயர்ப்பை வெளியிட்டார். ஐரோப்பா ஜரதுஷ்டிரரின் சொற்களைப் படிக்கத் தொடங்கியது அதன் பிறகே.

#7 ஒளிநிழல்

இந்த விவாதத்தில் இதுவரை இடம்பெறாத மனிதர் ஒருவர் இருக்கிறார். பாரசீக மறைஞானம் எவ்வழியே வெளியே சென்றது என்று கேட்டால், தனிச் சமயம் ஒன்றை நிறுவிய மானியைத் தவிர்த்துவிட்டுப் பேசவே முடியாது.

மானி கி.பி. 216-இல் பாபிலோனியப் பகுதியில் பிறந்தவர். திருமுழுக்கையும் தூய்மையையும் வலியுறுத்திய ஒரு யூத-கிறித்தவக் குழுவினரிடையே வளர்ந்தவர். பன்னிரண்டாம் வயதிலும் இருபத்து நான்காம் வயதிலும் தம்முடைய வானுலக 'இரட்டை' தமக்குத் தோன்றி உண்மைகளை வெளிப்படுத்தியதாக அவர் சொன்னார். இந்தச் செய்தியைத் தரும் கிரேக்கச் சுவடி இன்று ஜெர்மனியின் கொலோன் நகரில் உள்ளது. அதன் ஏடு ஒவ்வொன்றும் ஏறத்தாழ 4.5 செ.மீ. உயரமும் 3.5 செ.மீ. அகலமும் கொண்டது, தீப்பெட்டியின் மேற்புறத்தைவிடச் சிறியது. உள்ளங்கையில் மறைத்து எடுத்துச் செல்ல வேண்டிய நூலாக அது இருந்திருக்கலாம் என்று எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது. தமக்கு முன் புத்தர் இந்தியாவுக்கும் ஜரதுஷ்டிரர் பாரசீகத்துக்கும் இயேசு மேற்றிசைக்கும் வந்தனர் என்றும், தாம் பாபிலோன் நாட்டுக்கு வந்ததாகவும் மானி அறிவித்தார். பாரசீக அரசர் முதலாம் ஷாபூர் அவருக்கு இடமளித்தார். பின்னர் முதலாம் பஹ்ராமின் காலத்தில், தலைமைப் பூசகர் கர்தீர் செல்வாக்குடன் இருந்தபோது, அவர் சிறையிலேயே உயிர் துறந்தார்.

இப்போது ஐயவினா அவர்களின் கேள்விக்கு வருகிறேன். நடு ஆசியாவின் துர்பான் பாலைச்சோலையில் கிடைத்த மானி சமயத்தாரின் சோக்திய மொழித் துண்டு ஒன்றில், இறந்த நல்லோனின் சொந்தச் செயலே வியத்தகு தெய்வப் பெண்ணாக அவன் முன் வருகிறது. ஹாதோக்த் நஸ்கின் காட்சி மானியின் சமயத்துக்குள் சென்றிருப்பதை இது கண்கூடாகக் காட்டுகிறது. அந்தச் சமயமோ மேற்கே வட ஆப்பிரிக்கா வரை பரவி பின்னாளில் கிறித்தவப் புனிதரான அகுஸ்தினாரை ஒன்பது ஆண்டுகள் 'கேட்போர்' என்னும் பொது அடியாராக வைத்திருந்தது. கிழக்கே உய்குர் அரசின் சமயமாகிச் சீனத்தின் பூஜியன் கடற்கரை வரை சென்றது. இஸ்லாம் வந்தபோதும் ஈராக்கில் மானி சமயத்தார் வாழ்ந்துகொண்டிருந்தனர். நபிமொழிகள் திரட்டப்பட்ட கூபாவும் பஸ்ராவும் அதே ஈராக்கில்தான் உள்ளன. வழி இருந்தது என்பதை இதற்கு மேல் நிறுவத் தேவையில்லை. அந்த வழியே யார் நடந்தார் என்பதுதான் திறந்த கேள்வி.

இன்னொரு பெயரும் சொல்ல வேண்டும். இஸ்லாமியத் தத்துவ ஞானி ஷிஹாபுத்தீன் சுஹ்ரவர்தி 1154-இல் வடமேற்கு ஈரானில் பிறந்தவர். 1186-இல் முடித்த தம் ஒளித்தத்துவ நூலின் தொடக்கத்தில், தாம் உயிர்ப்பிப்பது ஜாமாஸ்ப், பிரஷாவ்ஷ்த்ர் முதலிய பண்டைப் பாரசீக ஞானிகளின் ஒளிநெறி என்றும், அது மஜூசிகள் எனப்பட்ட ஜரதுஷ்டிர நெறியினரின் இருமைக்கொள்கையும் அன்று, மானியின் பிறழ்ச்சியும் அன்று என்றும் அவரே எழுதினார். இறைவனை ஒளிகளின் ஒளி என்றார். அதிலிருந்து முதலில் தோன்றும் ஒளிக்குப் பஹ்மன் என்று பெயரிட்டார். அது காதாக்களில் வரும் நல்லெண்ணத்தின் வானவரான வொஹு மனாவின் பெயரே. செல்வாக்கு உண்டா இல்லையா என்று நாம் இங்கே ஊகிக்க வேண்டியதில்லை, பெற்றவரே தம் கையால் எழுதி வைத்திருக்கிறார். 1191-இல் அலெப்போவில் அவர் கொல்லப்பட்டபோது நாற்பது வயதைக்கூட எட்டவில்லை.

#8 ஐயவினா

சோக்தியத் துண்டைப் பற்றி நான் அறிந்திருக்கவில்லை. அந்த இணைப்பு என் இரண்டாவது வாதத்தை வெகுவாகத் தளர்த்துகிறது என்பதை மனமுவந்து ஏற்கிறேன்.

சுஹ்ரவர்தியைப் பற்றி மட்டும் ஓர் எச்சரிக்கை. அவர் ஜரதுஷ்டிரரின் நூல்களை நேரே படித்தார் என்று இதைக் கொள்ளக் கூடாது. அவருடைய தத்துவத்தின் எலும்புக்கூடு இப்னு சீனாவும் பிளேட்டோவின் வழிவந்தோரும் தந்தது. அவர் பாடிப் பரவும் 'நிறைஇயல்பு' என்னும் வானுலகத் துணையைப் பிரெஞ்சு அறிஞர் ஹென்றி கோர்பன் தயேனாவோடு இணைத்தார். ஆனால் அந்தக் கருத்து ஹெர்மிசு என்னும் பண்டை ஞானிக்கு ஏற்றிச் சொல்லப்பட்ட நூல்களின் வழியாகவே அவருக்கு வந்தது. பழைய வீட்டுக்கு உரியவர் ஒருவர், அந்த வீட்டின் பெயரைப் புதிய வீட்டுக்குச் சூட்டியது போன்றது அவர் செய்தது. பெயர் சூட்டுவதும் ஓர் உறவுதான். ஆயினும் நேர்வழி மரபு என்பது வேறு.

சூபிகள் விஷயத்தில் இதே கவனம் வேண்டும். பாயஸீத் பிஸ்தாமியின் பாட்டனார் ஜரதுஷ்டிர நெறியினர் என்று மரபு சொல்கிறது. ஹல்லாஜின் பாட்டனாரைப் பற்றியும் அவ்வாறே சொல்லப்படுகிறது. இதை வைத்துச் சூபி நெறி முழுவதும் பாரசீகம் என்று எழுதுவோர் உண்டு. பிஸ்தாமிக்கு அபூ அலீ சிந்தி என்பவர் வழியே வேதாந்தம் கிடைத்தது என்று ஆய்வாளர் செய்னர் எழுதினார்; மற்றோர் ஆய்வாளரான ஆர்பெரி அதை மறுத்தார். பாட்டனாரின் சமயத்தையோ ஆசிரியரின் ஊர்ப்பெயரையோ வைத்து ஒரு மனிதனின் இறை அனுபவத்துக்கு மூலம் தேடுவது எனக்கு உடன்பாடில்லை. குர்ஆனை இரவும் பகலும் ஓதிய அந்த மனிதர்களுக்கு அதுவே முதல் ஊற்றாக இருந்தது.

#9 பரங்கிமலையான்

ஐயவினா அவர்களின் கடைசி வரிகளை முழு மனத்துடன் வழிமொழிகிறேன். எங்கள் பக்கத்திலும் அப்படித்தான். கிழக்கிலிருந்து வந்து பாலனைப் பணிந்தவர்களைத் தமிழ் விவிலியம் சாஸ்திரிகள் என்றும் ஞானிகள் என்றும் சொல்கிறது. கிரேக்க மூலத்தில் உள்ள சொல் 'மகோய்', பாரசீகப் பூசகர்களின் பெயர். மத்தேயு அந்தச் சொல்லைப் பயன்படுத்தியபோது, மிகப் பழைய ஞானம் ஒன்று வந்து வணங்கியது என்று சொல்ல விரும்பினார் என்றே நான் கொள்கிறேன். தமக்கு முன்னிருந்தவர்களை மறைக்கவில்லை, வாசலுக்கு அழைத்து வந்து நிறுத்தினார்.

#10 கடற்கரைத்தெரு

அனைவருக்கும் நன்றி. ஒரு வாரமாக இந்தப் பதிவுகளைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஹாதோக்த் நஸ்கையும் நபிமொழியையும் மீண்டும் அருகருகே வைத்துப் பார்த்தேன்.

ஒற்றுமையைப் பற்றி நிறையப் பேசிவிட்டோம். வேறுபாடு ஒன்று இப்போது எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. நபிமொழியில் வருபவர் நற்செயல். கப்ரின் தனிமையில் உடனிருக்க அவர் வருகிறார், மறுமை நாள்வரை அங்கே காத்திருப்பு தொடர்கிறது, தீர்ப்பு இறைவனிடம் இருக்கிறது. "இறைவா, மறுமை நாளை விரைவாக்கு" என்று இறந்தவர் வேண்டுவதும் அதனால்தான். பாரசீக நூலில் வருபவளோ செயல் மட்டும் அல்லள். அவன் எதைக் கண்டானோ, எதைத் தேர்ந்தானோ அதுவே அவள். "நீ என்னை மேலும் அழகியவளாக ஆக்கினாய்" என்று அவள் சொல்வதால், அவன் பிறப்பதற்கு முன்பே அவள் இருந்திருக்கிறாள் என்றாகிறது. அவன் வாழ்ந்த வாழ்க்கை அவள் முகத்தில் வேலை செய்திருக்கிறது. ஒரே காட்சி இரண்டு வீடுகளில் வாழ்ந்து, ஒவ்வொரு வீட்டின் நம்பிக்கைக்கும் ஏற்ப வளர்ந்திருக்கிறது. இதைக் கண்டதால் என் உஸ்தாத் சொன்னதன் மீதான மதிப்பு சிறிதும் குறையவில்லை.

அந்த நூலில் அடுத்து வருவதை யாரும் குறிப்பிடவில்லை என்பதால் இங்கே எழுதி வைக்கிறேன். அந்தப் பெண்ணைச் சந்தித்த பிறகு ஆன்மா நான்கு அடி எடுத்து வைக்கிறது. முதல் அடி நல்லெண்ணத்தில் ஊன்றுகிறது, இரண்டாவது நற்சொல்லில், மூன்றாவது நற்செயலில், நான்காவது முடிவற்ற ஒளியில். அங்கே முன்பே வந்து சேர்ந்திருந்த ஒருவர், "நீ எவ்வாறு இறந்தாய்? துன்பம் நிறைந்த உலகிலிருந்து இங்கே எப்படி வந்தாய்?" என்று ஆவலுடன் கேட்கிறார். அப்போது இறைவனான அஹுர மஸ்தா குறுக்கிட்டு, "அவனிடம் ஒன்றும் கேட்காதீர்கள். உடலும் உணர்வும் பிரியும் அச்சம் தரும் வழியைக் கடந்து இப்போதுதான் வந்திருக்கிறான்" என்று சொல்லிவிட்டு, அவனுக்கு வசந்த காலத்து வெண்ணெய் கொண்டுவரச் சொல்கிறார்.